வெள்ளிக்கிழமை திறக்கும் பூட்டு

அத்தியாயம் ஏழு

காலை ஒன்பதரைக்கு வட்டக்கச்சியில் ஒரு வீட்டின் யன்னல்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தால் இரண்டு காரணம்தான் இருக்கலாம். வீட்டுக்காரர் வெளியே போயிருக்க வேண்டும். அல்லது உள்ளே இருந்துகொண்டு, வெளியே வரப் பயப்பட வேண்டும். ஐயாத்துரை வீட்டு வாசலில் மூன்று சோடிச் செருப்புக் கிடந்தது.

“ரெண்டாவது காரணம்தான்,” என்றேன்.

“எண்ணத் தெரிஞ்ச ஆளோட வேலை செய்யிறது நிம்மதி, அண்ணை,” என்றாள் சுதாஜினி, ஸ்கூட்டியை நிறுத்தாமலே. “பின்னால வாறதை எண்ணினீங்களோ?”

பின்னால் வந்தது ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது டிப்பர் லொறி. இலக்கத் தகடு இல்லை. முன் கண்ணாடிக்குள் இரண்டு தலை. ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வந்து, ஐயாத்துரையின் படலைக் கதவுக்கு நேரே நின்று, ஒரே ஒரு தரம் ஹோன் அடித்துவிட்டுப் போனது. அந்தச் சத்தத்துக்கு மாமரத்தில் இருந்த காகங்கள் கிளிநொச்சிப் பக்கம் பறந்தன. என் உயிரும் அவற்றோடு பாதித் தூரம் போய், பென்சன் ஞாபகம் வந்து திரும்பியது.

நான் பரமலிங்கம். முப்பத்திரண்டு வருடம் தபால்காரன். இந்த மாவட்டத்து நாய்களில் பாதி என்னைக் கடித்தவை. மீதி நான் ஓய்வு பெற்ற பிறகு பிறந்தவை. சுதாஜினி முன்பு காப்புறுதிக் கம்பனி ஒன்றில் விபத்து விசாரிக்கிறவளாக இருந்தாள். “மாடு குறுக்க பாய்ஞ்சது” என்று சொன்ன எத்தனையோ பேரிடம் “மாட்டுக்கு என்ன நிறம்?” என்று கேட்டே அவர்களின் கணக்கை மூடியவள். இப்போது கிளிநொச்சியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். நான் உதவியாளன். பின்சீற்றில் இருப்பது, வாயடிப்பது, அவளுக்கும் சேர்த்துப் பயப்படுவது என்று எனக்கு மூன்று பொறுப்பு.

படலையைத் திறந்த ஐயாத்துரையின் கையில் மண்வெட்டி. வயலுக்குப் போக எடுத்த மண்வெட்டி போலத் தெரியவில்லை.

“கெதியா உள்ள வாங்கோ,” என்றார். நாங்கள் நுழைந்ததும் படலைக்குச் சங்கிலி போட்டார்.

உள்ளே இருட்டு. கதிரையில் அவர் மகன் அனோஜன், இருபத்திரண்டு வயது, கம்பியூட்டர் வகுப்பு எடுக்கிறவன், மூன்று நாளாய் நித்திரை இல்லாத கண். குசினி வாசலில் அவன் தாய் நாகேஸ்வரி, ஈரத்தலையோடு. நாகேஸ்வரிதான் எங்களைக் கூப்பிட்டவா. கதையையும் அவாவே சொன்னா.

அந்தப் பிரிவு ஜி.எஸ், அதாவது கிராம சேவகர், சுமித்திரா. ஆற்றில் களவாய் மண் அள்ளுகிற டிப்பர்களைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினவா. எழுதிய நாளிலிருந்து ஒரு பொய்ப் பெயர் முகநூல் கணக்கிலிருந்து அவாவுக்கு மூன்று மிரட்டல் வந்துவிட்டது. முதலாவது: ‘மண் கதையை விடு.’ இரண்டாவது: ‘உன்ர பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போறாள், வருவாளோ?’ மூன்றாவது: ‘அடுத்த வெள்ளி கடைசி.’

“அடுத்த வெள்ளி எண்டா இண்டைக்கு,” என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

“அந்த மூண்டும் எங்கட வீட்டு இன்டர்நெற்றில இருந்துதான் போயிருக்காம்,” என்றா நாகேஸ்வரி. “பொலிஸ் கண்டுபிடிச்சிட்டினம். திங்கள் ஒன்பது மணிக்கு இவனை வரச் சொல்லியிருக்கு. போனையும் கொம்பியூட்டரையும் கொண்டு.”

“தம்பிக்கும் ஜி.எஸ்ஸுக்கும் கோபமோ?” என்று கேட்டாள் சுதாஜினி.

அனோஜன் தலையைக் குனிந்தான். “ஒரு கடிதத்துக்கு நாலு தரம் அலைய வச்சவா எண்டு பேஸ்புக்கில நக்கலா எழுதினனான். நூற்றிப்பத்துப் பேர் சிரிச்சவை.”

“நூற்றிப்பத்துச் சாட்சி,” என்றேன்.

நாகேஸ்வரி சிரிக்கவில்லை. அவாவின் கண் சாமித்தட்டுக்குப் பக்கத்துச் சுவருக்குப் போனது. அங்கே ஒரு பொடியனின் படம். அவாவின் தம்பி. “விசாரிச்சிட்டு விடுறம்” என்று கூட்டிக்கொண்டு போனவை; ஆள் திரும்பி வரவில்லை. படத்துக்கு மாலை போடவில்லை. படத்தைச் சுவரிலிருந்து கழற்றவும் இல்லை.  

“சரி. வைபை பாஸ்வேர்ட்டை மாத்தினீங்களோ?” என்றாள் சுதாஜினி.

“மூண்டு தரம், அக்கா,” என்றான் அனோஜன். குரல் இறங்கியது. “அதுதான் பயமாக் கிடக்கு. ஒவ்வொரு ஞாயிறும் மாத்திறன். பேரையும் மாத்திறன். அடுத்த கிழமை பாத்தா பழைய கம்பனிப் பேர், பழைய பாஸ்வேர்ட், ரவுட்டருக்குப் பின்னால ஸ்டிக்கரில அடிச்சிருக்கிறதே, அது திரும்ப வந்து நிக்குது. எங்கட போன்களிலயும் பழசு பதிஞ்சு கிடக்கிறபடியால் தானாக் கொழுவிடும். நெற் ஓடுது, அதால ஒருத்தருக்கும் தெரியிறேல்ல. ஆரோ உள்ள வந்து மாத்திட்டுப் போற மாதிரி.”

“வேலிக்கு அங்கால இருக்கிற தங்கராசாதான்,” என்றார் ஐயாத்துரை. “லக்ஷனும் அதைத்தான் சொல்லுறான்.”

“லக்ஷன் ஆர்?”

“எங்கட பெரியம்மான்ர பேரன். சீமெந்து, கல்லு, மணல் ஏத்தி இறக்கிற பொடியன். நல்லவன். திங்கள் தானும் ஸ்டேசனுக்கு வாறனெண்டு நிக்கிறான்.”

சுதாஜினி வேலிப் பக்கம் போய்க் குரல் கொடுத்தாள். தங்கராசா வந்தார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, கலவரத்துக்கு இங்கே ஓடி வந்து, நாற்பது வருடமாய் வாழைத்தோட்டம் செய்கிறவர். அவரிடம் போனைக் காட்டச் சொன்னாள். மடியிலிருந்து எடுத்துத் தந்தார். ரப்பர் பட்டி சுற்றிய பொத்தான் போன். ரோர்ச் லைற் மட்டும் நன்றாய் எரிந்தது.

“இதுல வைபை வருமா ஐயா?”

“இதுல கோல் வந்தாலே பெரிய விசயம்ங்க,” என்றார் அவர். ஐயாத்துரையை ஒரு தரம் பார்த்தார். ஐயாத்துரை மண்வெட்டியைப் பார்த்தார்.

வீட்டுக்குள் திரும்பியதும் சுதாஜினி குரலைத் தாழ்த்தினாள். “அண்ணை, உங்கட வீட்டுப் பூட்டை ஒரு கள்ளன் மாத்தினா, திறப்பை ஆர் வச்சிருப்பான்?”

“கள்ளன்தான்.”

“இந்தக் கள்ளன் தன்ர திறப்பைப் போடேல்ல. கம்பனி தந்த பழைய பூட்டையே திரும்பக் கொண்டுவந்து கொழுவிறான். தூர இருந்து பூந்தவன் அப்பிடிச் செய்ய மாட்டான். இது ரவுட்டரை அழிச்சு, கடையில வாங்கின நாளுக்குக் கொண்டு போறது. அதுக்கு அந்தப் பெட்டியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஊசி மாதிரி ஒண்டை உள்ள விட்டுப் பத்துச் செக்கன் அமத்திப் பிடிக்கவேணும். வேலிக்கு அங்கால நிண்டு முடியாது.”

அனோஜனின் முகம் வெளிறியது. “அப்ப…”

“ஓம். கை வீட்டுக்குள்ளதான் இருக்கு.”

அந்த வசனத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எழுபது வயதிலும் மறக்க மாட்டேன். எழுபதுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. அதற்குள்ளும் மறக்க மாட்டேன்.

“ரவுட்டர் எங்க?”

அனோஜன் கையைக் காட்டினான். சாமித்தட்டில். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில். வீட்டிலேயே கவரேஜ் நன்றாய்ப் பிடிக்கிற மூலை அதுதானாம். சவர்க்காரப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி, நிமிர்த்தி வைத்திருந்தது. வயர் கொழுவுகிற பக்கம் மேலே. லைற் எரிகிற முகம் சுவரைப் பார்க்க, ஸ்டிக்கர் ஒட்டிய முதுகு எங்களைப் பார்த்தது.

“ஏன் திருப்பி வச்சிருக்கு?”

“மினுக்கு மினுக்கெண்டு எரியுது. சாமிக்குக் கண் கூசாதோ?” என்றா நாகேஸ்வரி. “ஒருத்தரும் அதில கை வைக்கிறேல்ல. குளிக்காமல் கிட்டவும் விடமாட்டன்.” சுவர் மணிக்கூட்டைப் பார்த்தா. “பத்து இருபது ஆகுது. பத்தரைக்கு ராகுகாலம். நான் பூசையை முடிச்சிட்டு வாறன். நீங்கள் கதையுங்கோ.”

வெளியே அதே டிப்பர் திரும்பவும் வந்தது. இந்த முறை ஹோன் இல்லை. எஞ்சின் மட்டும், வீட்டு முன்னால் மெல்ல உறுமிக்கொண்டு நின்றது. ஐயாத்துரை மண்வெட்டியை இறுக்கிப் பிடித்தார். உள்ளே நாகேஸ்வரி விளக்கைக் கொளுத்தி, பூ வைத்து, ஊதுபத்தியை மூன்று தரம் சுற்றி, கண்ணை மூடித் தேவாரம் சொன்னா.

“அக்கா,” என்றான் அனோஜன். போனை நீட்டினான்.

அவன் வைத்த பெயர் காணாமல் போயிருந்தது. வைபை அடையாளம் அணைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பழைய கம்பனிப் பெயர் தானாக வந்து நின்றது.

எங்கள் கண்ணுக்கு முன்னால். படலை சங்கிலியில். யன்னல் எல்லாம் பூட்டி.  பேய், பிசாசு, முனி என்று நான் நம்புவதில்லை. ஆனால் அந்தக் கணத்தில் அவற்றில் யாராவது விண்ணப்பித்திருந்தால் யோசித்திருப்பேன்.

சுதாஜினி அசையவில்லை. சாமித்தட்டையே பார்த்தபடி நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“அம்மா, அந்த ஊதுபத்தி எதில குத்தி நிக்குது?”

எல்லாரும் திரும்பினோம். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில், வெள்ளைப் பெட்டியின் உச்சியில், வயர் கொழுவுகிற இடத்துக்குப் பக்கத்து ஓட்டையில், ஊதுபத்தி ஒன்று செங்குத்தாய் நின்று வாசமாய்ப் புகைந்துகொண்டிருந்தது.

“இதிலதான்,” என்றா நாகேஸ்வரி. “அளவாச் செய்து வச்ச ஓட்டை. ஆனா கொஞ்சம் இளகினது. ‘டிக்’ எண்டு சத்தம் கேக்கும் வரைக்கும் அமத்தி, ஒரு தேவாரம் முடியும் மட்டும் பிடிச்சிருந்தா விழாது.”

“ஒரு தேவாரம்,” என்றாள் சுதாஜினி. “பத்துச் செக்கனுக்கு மேல. தாராளமாக் காணும்.”

“எப்பவிருந்து இப்பிடிக் குத்திறியள்?” என்றேன்.

“ஒரு ஏழு கிழமை. முந்தி வாழைப்பழத்திலதான் குத்திறனான். குரங்குகள் குலையை முழுசாக் கொண்டு போயிட்டுது, கடையில வாங்கி வச்சா யன்னலால கையை விட்டு அதையும் எடுக்குது. ஊதுபத்தியோட எடுத்துக்கொண்டு ஓடினது ஒருநாள்.”

ஆக, தாய் வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால் பூட்டைத் திறந்து வைப்பா. மகன் ஞாயிறு வந்து பூட்டுவான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்து, ஒருவருக்கொருவர் தெரியாமல், மூன்று கிழமை இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். ஐயாத்துரை மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு முதன்முறையாய் மூச்சு விட்டார். அனோஜன் சிரிக்கவும் தொடங்கினான்.

“சிரிக்காதையுங்கோ,” என்றாள் சுதாஜினி. “கதவு எப்பிடித் திறந்தது எண்டுதான் தெரிஞ்சிருக்கு. ஆர் உள்ள வந்தது எண்டு தெரியாது. மூண்டு மிரட்டலும் எந்தெந்த நாள்?”

அனோஜன் போனில் பார்த்தான். “வெள்ளி. வெள்ளி. வெள்ளி. பதினொண்டரைக்கும் ஒண்டரைக்கும் இடையில.”

“பழைய பாஸ்வேர்ட் ஆருக்குத் தெரியும்?”

“ஒருத்தருக்கும் தெரியாது. ஸ்டிக்கரில மட்டும்தான். சாமியறைக்க வந்து பாத்தாத்தான்…”

“இண்டைக்குப் படமும் போடேல்ல,” என்று தனக்குள் சொன்னா நாகேஸ்வரி.

சுதாஜினி மெல்லத் திரும்பினாள். “என்ன படம்?”

என்ன படம் என்று எனக்குத் தெரியும். சட்டைப் பையிலிருந்து என் போனை எடுத்தேன். ‘வட்டக்கச்சி உறவுகள்’ வட்ஸ்அப் குழு. நூற்றி நாற்பத்திமூன்று பேர். அதில் நானும் ஒருவன். ஓய்வு பெற்றவனுக்குத் தபால் எல்லாம் இப்போது அதில்தான். ஒவ்வொரு வெள்ளியும் நாகேஸ்வரி தன் சாமித்தட்டைப் படமெடுத்து ‘வெள்ளிக்கிழமை வணக்கம்’ என்று போடுவா. பூ, விளக்கு, பிள்ளையார், முருகன். நடுவில் முதுகைக் காட்டியபடி வெள்ளைப் பெட்டி. விரலால் பெரிதாக்கினேன். ஸ்டிக்கரில் பெயரும் பாஸ்வேர்ட்டும் சந்தனப் பொட்டுக்குக் கீழே பளிச்சென்று தெரிந்தன.

ஏழு படம். ஏழுக்கும் முதல் ஆளாய்க் கும்பிட்ட கைச் சின்னம் போட்டிருந்தது நான்.

“உலகத்திலேயே துப்பைச் சட்டைப் பைக்குள்ள வச்சுக்கொண்டு துப்புத் தேடி வந்த ஒரே ஆள் நீங்கள்தான், அண்ணை,” என்றாள் சுதாஜினி. “தம்பி, உடன எல்லாத்தையும் மாத்துவம். இந்த முறை ஒழுங்கா.”

“இப்ப ஏலாது,” என்றா நாகேஸ்வரி.

“ஏன்?”

“பத்து முப்பத்திரண்டு. ராகுகாலம் தொடங்கிட்டுது. பன்னிரண்டு மட்டும் இந்த வீட்டில புதுசா ஒண்டும் தொடங்க விடன். இப்ப போடுற பூட்டுத்தான் முதல்ல உடையும்.”

சுதாஜினி வாயைத் திறந்தாள். எனக்கு அவளைத் தெரியும். என்ன சொல்லப் போகிறாளோ என்று நாகேஸ்வரிக்குப் பதிலாக நானே கூசினேன். ஆனால் அவள் வாயை மூடினாள். பிறகு சிரித்தாள். அவளின் சிரிப்பு எனக்கு டிப்பரை விடப் பயம்.

“சரி அம்மா. பன்னிரண்டு மட்டும் பூட்டு பழசாவே கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை உங்கட வீட்டுக்கு ஆராவது வாறவையோ?”

“லக்ஷன் மட்டும்தான் வருவான். வெள்ளி மரக்கறிச் சாப்பாடு எண்டா அவனுக்கு உயிர்…” சொல்லிக்கொண்டு போனவாவின் குரல் பாதியில் நின்றது.

“யன்னலைத் திறவுங்கோ,” என்றாள் சுதாஜினி. “ஒண்டும் தெரியாத மாதிரி இருங்கோ. நான் ஒரு கோல் எடுத்திட்டு வாறன்.”

பதினொன்று பத்துக்கு லக்ஷன் மோட்டச்சைக்கிளில் வந்தான். முப்பது வயது, வெள்ளைச் சேர்ட், நல்ல வாசம். அவனுக்குப் பின்னால் கொஞ்சத் தூரத்தில் அந்த டிப்பர் வந்து, வீட்டுக்கு வருகிற ஒழுங்கையின் முகப்பில் எஞ்சினை அணைத்தது. இரண்டு தலையும் எங்களைப் பார்த்தன.

“என்ன மாமி, விருந்தாளியளோ?” என்று கேட்டபடி மாமரத்தடிக் கதிரையில் சாய்ந்து, போனை எடுத்துக் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கினான்.

“சொந்தக்காரர்,” என்றா நாகேஸ்வரி. தேத்தண்ணிக் கோப்பையை அவன் பக்கத்தில் வைத்தா.

நானும் சுதாஜினியும் எதிரே அமர்ந்தோம். அனோஜன் அவளுக்கு ரவுட்டரின் உட்பக்கத்தைத் திறந்து கொடுத்திருந்தான்; அந்த நேரம் யார் யார் கொழுவி நிற்கிறார்கள் என்ற பட்டியல் அவளின் போனில் தெரிந்தது. அனோஜன், அப்பா, அம்மா, சுதாஜினி. நான் சேரவில்லை; எனக்குத் தரவில்லை. நாலு பெயர். அவள் திரையை என் பக்கம் கொஞ்சம் சரித்தாள்.

ஐந்து பெயர்.

ஐந்தாவதற்குப் பெயர் இல்லை, வெறும் எழுத்தும் இலக்கமும். கேட்காமல், தராமல், தானாக வந்து சேர்ந்த ஐந்தாவது. முன்பு எப்போதோ ஒருநாள் அந்தப் பாஸ்வேர்ட்டை அடித்துப் பதிந்து வைத்த போன் மட்டும்தான் அப்படி வரும்.

“தம்பி, வைபை வேணுமோ? பாஸ்வேர்ட் சொல்லச் சொல்லட்டோ?” என்று கேட்டாள் சுதாஜினி.

“வேண்டாம் அக்கா. நான் என்ர டேட்டாவிலதான் பாக்கிறன். இந்த வீட்டு வைபையில நான் ஒருநாளும் சேந்ததில்ல. அது பிரச்சினை பிடிச்ச வைபை,” என்று சிரித்தான் லக்ஷன்.

சுதாஜினி திரையில் ஐந்தாவதைத் தடுத்தாள். பந்து வீச்சாளர் அரைப் பாய்ச்சலில் காற்றில் அப்படியே நின்றார். லக்ஷன் போனைத் தட்டினான். அவள் தடையை எடுத்தாள். கொஞ்சம் பொறுத்துப் பந்து போனது. திரும்பத் தடுத்தாள். துடுப்பைத் தூக்கியவர் தூக்கியபடி நின்றார்.

“கவரேஜ் இல்லையோ, தம்பி?” என்றேன். என் குரல் எனக்கே ஆட்டுக்குட்டியின் குரல் போல் கேட்டது.

“ஓம், இந்தப் பக்கம் டேட்டா சரியில்ல.”

“டேட்டாவுக்கு ஒண்டும் இல்ல,” என்றாள் சுதாஜினி. “அதை நீங்கள் அணைச்சு வச்சிருக்கிறியள். அணைக்காட்டி நான் தடுத்தாலும் கிரிக்கெட் ஓடியிருக்கும். சொந்தச் சிம்மில இருந்து ஒரு மெசேஜும் போயிடக்கூடாது எண்டுதானே அணைச்சது?” திரையை அவன் பக்கம் திருப்பினாள். விரல் வைத்தாள், அவன் போன் நின்றது. எடுத்தாள், ஓடியது. “இப்ப இந்த வைபைக்குள்ள அஞ்சு போன் நிக்குது. நாலு எங்கட.”

லக்ஷன் நிமிர்ந்தான். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. கண் மட்டும் ஒழுங்கைக்குப் போய் வந்தது.

“அக்கா,” என்றான், மெதுவாய், மரியாதையாய். “வெளியில ரெண்டு பேர் நிக்கினம். நான் கையைத் தூக்கினா வருவினம். அந்தப் போனை இப்பிடித் தாங்கோ.”

மாமரத்தில் ஓர் இலை அசையவில்லை. என் இதயம் அடித்த அடிக்குக் கிளிநொச்சியில் யாரோ கதவைத் திறந்து “ஆர்?” என்று கேட்டிருப்பார்கள். சுதாஜினி போனைக் கொடுக்கவில்லை. எனக்குப் பக்கத்தில், வெற்றிலைத் தட்டில் சாய்த்து வைத்திருந்த அனோஜனின் போனைத் தூக்கி அவனுக்குக் காட்டினாள். அதில் ஒரு பெண்ணின் முகம்.

“இவா ஜி.எஸ் சுமித்திரா. நீங்கள் தேத்தண்ணியில முதல் வாய் குடிக்கேக்க இருந்து பாத்துக்கொண்டு இருக்கிறா. எங்க இருந்து எண்டு கேளுங்கோவன்.”

“ஸ்டேசனில,” என்றது போன். “பக்கத்தில ரெண்டு பொலிஸ் ஐயாமாரும் நிக்கினம். கையைத் தூக்கிறனெண்டு சொன்னதையும் கேட்டவை.”

லக்ஷன் கையைத் தூக்கவில்லை. ஆனால் எழுந்தான். ஒழுங்கையைப் பார்த்து விறுவிறென்று நடந்தான். டிப்பரில் இருந்த இரண்டு தலையும் அவன் வருகிற விதத்தைப் பார்த்தன. பிறகு ஒன்றையொன்று பார்த்தன. எஞ்சின் உறுமியது. அவன் படலையை அடைவதற்குள் டிப்பர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

படலையில் சங்கிலி. சங்கிலியில் பூட்டு. பூட்டுக்குப் பக்கத்தில் நாகேஸ்வரி, திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றா. வேலிக்கு அங்கால தங்கராசா வாழை வெட்டுகிற கத்தியோடு. ஐயாத்துரை மண்வெட்டியைத் திரும்பவும் எடுத்திருந்தார்.

“மூண்டு வெள்ளி,” என்றா நாகேஸ்வரி. சத்தம் போடவில்லை. “என்ர கையால சோறு போட்டனான். அந்தப் பிள்ளையை வராமல் செய்வன் எண்டு எழுதேக்க, என்ர பருப்புக்கறியையோ குழைச்சுக்கொண்டிருந்தனி?”

லக்ஷன் நிலத்தைப் பார்த்தான். பொலிஸ் ஜீப் வரும்வரைக்கும் பார்த்தான்.

வந்தவர்கள் அவனுடைய போனை எடுத்தார்கள். அந்தப் பொய்க் கணக்கு அதற்குள்ளேயே திறந்து கிடந்தது. இன்றைக்கு அனுப்பவென்று பாதி எழுதி வைத்த நாலாவதும் கிடந்தது. அனோஜன் திங்கட்கிழமை சாட்சியாய் வந்தால் போதும் என்றார்கள். நாகேஸ்வரி அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டு, வாங்கி, தம்பியின் படத்துக்குப் பின்னால் செருகினா.

பன்னிரண்டு ஒன்றுக்கு ரவுட்டரைப் பூட்டினோம். சுதாஜினி சொல்லச் சொல்ல அனோஜன் செய்தான். வைபைக்குப் புதுப் பெயர், அதில் வீட்டுப் பெயரும் இல்லை ஆள் பெயரும் இல்லை. பதினாறு எழுத்தில் புதுப் பாஸ்வேர்ட். அவன் இத்தனை நாளும் தொடாத இன்னொன்று, ரவுட்டரின் உள்ளே போகிற பாஸ்வேர்ட், அதுவும் வேறாய். பொத்தானை அமத்திச் சேர்கிற வழி மூடப்பட்டது. விருந்தாளிகளுக்கு என்று தனியாய் ஒரு பெயர். ஸ்டிக்கருக்கு மேலே கறுப்பு ரேப். பெட்டியை அலுமாரி உச்சிக்கு ஏற்றினோம். அங்கே கவரேஜ் ஒரு கோடு குறைவுதான்.

“ஒரு கோடு குறைஞ்சாலும் பரவாயில்ல. சாமியும் கொஞ்சம் நித்திரை கொள்ளட்டும்,” என்றேன்.

வேலிக்கு மேலாக ஒரு கதலிச் சீப்பு வந்தது. தங்கராசாவின் கை. வாங்கியது ஐயாத்துரை.

“காலமை ஒரு கதை கதைச்சிட்டன், தங்கராசா,” என்றார்.

“கேட்டிச்சுங்க,” என்றார் அவர். “பழம் நல்லாப் பழுத்திருக்கு. கொரங்குக்கு முன்ன சாப்பிடுங்க.”

மரக்கறிச் சாப்பாடு எங்களுக்குக் கிடைத்தது. அதைப் பற்றி எழுதினால் இந்த நாவல் சமையல் புத்தகம் ஆகிவிடும்.

இரண்டு மணிக்கு ஸ்கூட்டியில் திரும்பினோம். வயிறு நிறைந்து, வெயில் ஏறி, பயம் இறங்கி, நான் பின்சீற்றில் கண் அயர்கிற நேரம், சட்டைப் பைக்குள் போன் கிணுங்கியது. ‘வட்டக்கச்சி உறவுகள்’. வெள்ளிக்கிழமை வணக்கம்.

படம் வடிவாய் இருந்தது. விளக்கு, பூ, பிள்ளையார், முருகன். நடுவில் ஒரு கதலிப்பழம், அதில் நேராய் நின்ற ஊதுபத்தி. குறை சொல்ல ஒன்றும் இல்லை. பழத்துக்கு முன்னால், புதுச் சாமான் எதுவானாலும் சாமிக்கு முன் வைத்து எடுக்கிற வழக்கப்படி, ஒரு துண்டுக் காகிதம் விரித்து வைத்திருந்தது. மூலையில் சந்தனப் பொட்டு. நடுவில் அனோஜனின் குண்டு குண்டான கையெழுத்தில் அந்தப் பதினாறு எழுத்தும்.

நூற்றி நாற்பத்திமூன்று பேர். இந்த முறை முதல் ஆளாய்க் கும்பிட்ட கை போட்டது நானில்லை. பெயர் போடாத ஓர் இலக்கம். அந்த இலக்கத்தின் முகப்புப் படத்தில் ஒரு டிப்பர் நின்றது.

சுதாஜினியின் தோளைத் தட்டினேன்.

“பிள்ளை, ஸ்கூட்டியைத் திருப்பு.”

“என்னத்தை மறந்துபோட்டு வந்தனீங்கள், அண்ணை?”

“நான் மறக்கேல்ல,” என்றேன். “சாமிக்குத்தான் இன்னும் வாயை மூடத் தெரியேல்ல.”